நல்லேரி காலனி பீரங்கி ஸ்டாப்பிங்

பஸ் அன்றைக்கும் நிற்கவில்லை.

வரலட்சுமி நடுரோட்டுக்கே வந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். டிரைவர் அவளைச் சுற்றி அழகாக ஒடித்துத் திருப்பினார். பள்ளத்தில் கிடந்த மழைத் தண்ணீரை அவள் சேலையில் வாரி அடித்துவிட்டுப் போனார். கண்டக்டர் பின்படியில் தொங்கியபடி, ஊர் ஸ்டாப்பிங்குக்கு ஓடி வரும்படி கையைக் காட்டினார்.

"யோவ்! நாங்க இன்னா செடியா? தண்ணி ஊத்திட்டுப் போறே!"

பஸ் பதில் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஏரிக்கரை வளைவில் திரும்பி மறைந்தது.

செங்கல்பட்டிலிருந்து அணுபுரம் பக்கம் போகிற ரோட்டில் நல்லேரி இருக்கிறது. நல்லேரி என்றால் இரண்டு நல்லேரி. ஒன்று ஊர், இன்னொன்று காலனி. ஊருக்கு ஸ்டாப்பிங் உண்டு, காலனிக்குக் கிடையாது. காலனிக்காரர்கள் ஏரிக்கரையோடு ஒரு கிலோமீட்டர் நடந்து ஊருக்குப் போய், ஊர்க்காரர்கள் எல்லாரும் ஏறிய பிறகு தொத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் காலனி முழுவதும் ஊர் நிலத்தில்தான் கூலி வேலை செய்தது, அதனால் பஸ் தேவைப்படவில்லை. இப்போது காலனியில் நர்ஸ் இருக்கிறாள், வெல்டர் இருக்கிறான், கம்பெனிக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். பஸ் மட்டும் பழைய காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வரலட்சுமிக்கு அணுபுரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. 'இன்னொரு தடவ லேட்டா வந்தீன்னா அப்படியே திரும்பிப் போயிடு' என்று மெஸ்காரர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். போதாததற்கு அவள் காலனியின் வார்டு மெம்பர். 'பஸ்ஸை நிறுத்திக் காட்டுவேன்' என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தாள். வேலையும் போய் வாக்கும் போனால் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்பது அவள் கவலை.

அன்று மெஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு நேராக டெப்போவுக்குப் போனாள்.

டெப்போவில் இருந்தவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் முடியாது என்றார்.

"அங்க இன்னாம்மா கீது? ஒரு ஸ்டாப்பிங்னா ஒரு பேரு வேணும். கோயிலு, ஸ்கூலு, மில்லு, செல, ஏதாச்சும் இருக்கணும். கண்டக்டர் இன்னான்னு கொரலு குடுப்பான்?"

"காலனின்னு குடுக்கட்டும்."

"இந்த ரூட்டுல எத்தினி காலனி கீது தெரியுமா? எல்லாத்துலயும் நின்னா பஸ்ஸு மறுநாள்தான் போய்ச் சேரும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த ரோட்டில் எல்லா ஸ்டாப்பிங்குக்கும் அங்கே நின்ற ஏதோ ஒன்றின் பெயர்தான். புளியமரம் ஸ்டாப்பிங்கில் புளியமரத்தை வெட்டிப் பல வருடம் ஆகிறது. மில் ஸ்டாப்பிங்கில் மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. ஆனாலும் பஸ் நிற்கிறது. ஒரு முறை ஏதாவது நின்றுவிட்டால் போதும், அப்புறம் பஸ் தானாக நிற்கும்.

முதலில் காலனி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். அடுத்து, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் காது உடைந்ததால் விற்காமல் கிடந்த கல் யானையை வாங்கி வந்து நிறுத்தினார்கள். 'யானை ஸ்டாப்பிங்' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. மறு வாரம் யானையைக் காணவில்லை. தேடிப் போனால் அது ஊர்க் கோயில் வாசலில் நெற்றியில் குங்குமத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் அப்பாசாமி, "சாமியே தேடிகினு வந்துடுச்சு" என்றார். சாமிக்கு யானையைத் தூக்க டிராக்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஒர்த்தனாலயும் தூக்க முடியாத ஒண்ண வெக்கணும்" என்றாள் வரலட்சுமி.

அவள் புருஷன் பூபாலன் தட்டில் கையை வைத்தபடி யோசித்தான். அவன் படாளத்தில் அப்துல் சுபஹான் பாயின் இரும்புக் கடையில் வெல்டர். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் சோறு ஆறிப்போனது.

"எங்க பாய் ஒரு பீரங்கி எடுத்தாந்து போட்டுகீறாரு" என்றான் கடைசியில்.

மறுநாள் வரலட்சுமி சுபஹான் பாயின் கிடங்கில் நின்றாள். ராணுவம் பரிசோதனைக்காகச் செய்து பார்த்து, வேண்டாம் என்று கழித்த சாமான்களை பாய் மொத்தமாக ஏலம் எடுத்திருந்தார். போரைக் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெற்ற வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு படகு ஜீப் இருந்தது. தண்ணீரில் அருமையாக மிதந்ததாம், கரையேறத்தான் மறுத்துவிட்டதாம். கண்ணிவெடியை அடித்து வெடிக்க வைக்க, முன்னால் சங்கிலிகளைச் சுழற்றுகிற வண்டி ஒன்று. சங்கிலி முதலில் அடித்து நொறுக்கியது சொந்த டிரைவரின் கண்ணாடியையாம். மோட்டார் சைக்கிளில் பூட்டிய சின்னப் பீரங்கியும் இருந்தது. சுட்டால் குண்டு முன்னால் போகும், சைக்கிள் பின்னால் போகும்.

இவற்றுக்கெல்லாம் நடுவில் கரும்பச்சை நிறத்தில், பெரிய உடம்பும் நீளக் குழாயுமாக அந்தப் பீரங்கி வண்டி நின்றது. வரலட்சுமிக்குப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

"இத்த ஏன் பாய் வேணான்னாங்க?"

"யாரு கண்டா? ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சாங்களாம். டெஸ்ட் வெச்சாங்களாம். ஃபெயிலுன்னு ஓரங்கட்டிட்டாங்களாம்."

"இஞ்சினக் காணோமே?"

"எக்ஸ்பிரிமென்ட்டுமா. அப்டித்தான் இருக்கும்."

"சக்கரம் சுத்துமா?"

"சுத்தாது. எக்ஸ்பிரிமென்ட்டு."

"உள்ள போறதுக்கு வழியே இல்லியே பாய்?"

"மா, எக்ஸ்பிரிமென்ட்டுன்னா இன்னா அர்த்தம்? நமக்குப் புரியாதுன்னு அர்த்தம்" என்றார் பாய். "பள்ளிவாசலுக்குப் போற எங்க ஜனமும் அந்த வளைவுல எறங்க முடியாம பேஜாரு படுது. எட்த்துகினு போ. ஸ்டாப்பிங் வந்தா எனக்கும் புண்ணியம்."

வரலட்சுமி அதன் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். என்ன குறை என்று யாரும் சொல்லாமலே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வலி அவளுக்குத் தெரியும். இரும்பின்மேல் அவளுக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

பாயின் லாரி பீரங்கியை விடியற்காலையில் கொண்டு வந்து வளைவில் இறக்கியது. காலனியே கூடி நின்றது. நர்ஸ் வேலை பார்க்கும் ஜாக்குலின் ஒரு ஜெபம் செய்தாள், வரலட்சுமி பூசணிக்காய் உடைத்தாள். 'பீரங்கி ஸ்டாப்பிங், நல்லேரி காலனி' என்று பூபாலன் பலகை எழுதி நட்டான். பீரங்கிக் குழாய்க்குக் காலனி 'மூக்கு' என்று பெயர் வைத்தது.

முதல் பஸ் வந்தது. டிரைவர் பீரங்கியைப் பார்த்தார், வாயைப் பிளந்தார், வேகத்தைக் கூட்டினார்.

"பர்வால்ல" என்றாள் வரலட்சுமி. "பாத்தான் இல்ல? நாளைக்கு நிப்பான்."

மறுநாள் பஸ்ஸுக்குப் பதில் அப்பாசாமி வந்து நின்றார். பின்னால் ஊரில் பாதி.

"இன்னா வரலச்சுமி, எங்க வூட்டுக்குக் குறி வெச்சிகினு கீறே?"

பார்த்தால் மூக்கு வடக்கே நீட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்கு மேலாக நேர்க்கோடு போட்டால், அப்பாசாமி புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் பால்கனி.

"குறியெல்லாம் வெக்கல. எறக்கும்போது அப்டி நின்னுச்சு."

"காலையில காப்பி குடிக்கலாம்னு பால்கனிக்கு வந்தா, அது என்னைப் பாக்குது!"

"எங்க பொம்பளைங்க வருசக்கணக்கா ரோட்டுல நிக்கறத நீங்க அந்த பால்கனிலேந்து பாத்துகினுதான இருந்தீங்க? இப்ப அது ஒங்களப் பாக்கட்டும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஜாக்குலின் அவள் காதில், "அக்கா, நமக்கு வேண்டியது பஸ்ஸு. சண்ட இல்ல" என்றாள். வரலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துத் தள்ளினார்கள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி அது சுலபமாகக் கிழக்கே திரும்பியது.

"இவ்ளோ லேசா திரும்புது?" என்றான் பூபாலன்.

"எக்ஸ்பிரிமென்ட்டுயா" என்றாள் வரலட்சுமி.

கிழக்கே திருப்பிய மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் ஆதித்யா ஜீப்பில் வந்தார். இளவயது. கையில் போன், போனில் மேப்.

"இதை யார் இப்படித் திருப்பினது?"

"நாந்தான் சார்."

"இந்தக் குழாயிலிருந்து நேரா கோடு போட்டா எங்க போகுது தெரியுமா? அணுபுரம். அதுக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையம் இருக்குன்னு நான் சொல்லணுமா?"

"அணுபுரத்துலதான் சார் எனக்கு வேலையே. அங்க சோறு ஆக்கறவ நானு. நானே போயி அங்க சுடுவனா? அப்புறம் மெஸ்ஸுல யாரு துன்றது?"

"சுடுவீங்களா மாட்டீங்களாங்கறது இல்ல. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

அவர் ஒரு கான்ஸ்டபிளையும் ஒரு நாற்காலியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பெண்கள் மூக்கை மேற்கே தள்ளினார்கள்.

மேற்கே வெறும் வயல்தான் என்று வரலட்சுமி நினைத்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் வேடந்தாங்கல் இருப்பதை வனத்துறை அதிகாரி வந்து ஞாபகப்படுத்தினார்.

"சீசன் டைம்மா இது. எங்கெங்கேயோ இருந்து பறவையெல்லாம் வந்து குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருக்கு."

"சார், வேடந்தாங்கலு எம்மாம் தூரம்! இதுல குண்டே கெடையாது, இருந்தாலும் அங்க போவாது. கொக்கு இங்க வந்து எட்டிப் பாக்குமா?"

"பறவை பார்க்க வர்றவங்க பார்க்கறாங்களே. ஒருத்தர் எனக்கே போட்டோ அனுப்பிக் கேட்டுட்டார். பறவைக்கு எதிரா பீரங்கியான்னு."

"எங்கியோ கீற கொக்குக்கு ஒர்த்தர் வந்து நாயம் கேக்கறீங்க சார். இங்க ரோட்டுல நிக்கற பொம்பளைக்கி இது வரிக்கும் ஒர்த்தரும் வர்ல."

அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. ஜாக்குலின் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் திருப்பிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்தது தெற்கு. தெற்கே ரோடுதான். மூக்கு இப்போது செங்கல்பட்டுக்குத் திரும்பி வரும் பஸ்களை நேருக்கு நேர் பார்த்தது. வளைவில் திரும்பிய முதல் டிரைவர், கண்ணாடி நிறைய பீரங்கி வாயைக் கண்டார். பிரேக் போட்டார். வண்டி நின்றது! வரலட்சுமி சந்தோஷத்தில் ஓடினாள். அவள் படியை எட்டுவதற்குள் டிரைவர் ரிவர்ஸ் எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் முதல் அந்த ரூட்டில் எந்த பஸ்ஸும் நல்லேரிப் பக்கமே வரவில்லை. எல்லாம் பைபாஸில் சுற்றிப் போயின. நிற்காமல் போன பஸ்ஸும் போய்விட்டது. காலனி வரலட்சுமியைப் பார்த்த பார்வையில் அவளுக்கு நாஸ்தா இறங்கவில்லை. மெஸ்ஸுக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். மூன்றாவது நாள் மெஸ்காரர் போனை எடுக்கவில்லை.

"எட்த்துடலாமா?" என்றான் பூபாலன் மெதுவாக.

"இன்னாத்துக்கு?"

"இல்ல... எல்லாரும் திட்டறாங்க."

"திட்டட்டும்யா. நம்ப இருக்கறதே தெரியாம போய்கினு இருந்தாங்க. இப்பவாச்சும் தெரிஞ்சி திட்றாங்க இல்ல? நான் எடுக்க மாட்டேன்."

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் புருஷனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டாள். தெரிந்தாலும் அவன் தெரியாத மாதிரிதான் இருந்திருப்பான், அந்த மட்டும் நல்லவன்.

மத்தியானம் அப்பாசாமி வந்தார். இந்த முறை தனியாக, வியர்த்து வழிந்துகொண்டு. பஸ் இல்லாததால் பைபாஸிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"ஏம்மா, ஒங்க சண்டையில எங்க பஸ்ஸும் போச்சேம்மா! எங்க வூட்டுப் பொண்ணுங்க காலேஜிக்கு எப்டி போவும்?"

"நடந்து போவட்டும். எங்க பொண்ணுங்க நடக்கல?"

அப்பாசாமி பீரங்கியின் நிழலில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தார். ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடப்பது என்றால் என்ன என்று அவர் கால் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"நாலு பக்கமும் திருப்பிட்டீங்க" என்றார் கடைசியில். "மேல தூக்கி வுட்டா இன்னா? ஆகாசத்துல யாரு வந்து கேக்கப்போறா?"

எதிரி கொடுத்த யோசனை என்று வரலட்சுமி தயங்கினாள். ஆனால் வேறு திசை பாக்கி இல்லை. பூபாலன் மூக்கை மேலே தூக்கி, இனிமேல் யாரும் திருப்பச் சொல்லக் கூடாது என்று அடியில் வெல்டிங்கும் வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே பஸ் பழைய ரோட்டுக்குத் திரும்பியது. பழையபடி நிற்காமல் போனது.

மாமல்லபுரத்துக்குப் போகிற சுற்றுலாக் கோஷ்டி ஒன்று காரை நிறுத்திப் படம் எடுத்தது. அதை யாரோ, 'செங்கல்பட்டில் விமானத்தைச் சுடும் பீரங்கி, மக்கள் பீதி' என்று போட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பீதி எங்கே என்று பார்க்க, பீதியில்லாத மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். பீரங்கியைக் கட்டிப்பிடித்து செல்பி எடுத்தார்கள். காலனிப் பெண்கள் சுண்டலும் மோரும் விற்க ஆரம்பித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஆதித்யா தலையில் அடித்துக்கொண்டு, ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பு வைத்தார். போகிற வருகிற எல்லா வண்டியும் நின்று சோதனை முடித்துத்தான் போக வேண்டும் என்று உத்தரவு.

எல்லா வண்டியும் என்றால் பஸ்ஸும்தான்.

தடுப்பு வைத்த மறுநாள் காலை அணுபுரம் பஸ் வந்து பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றது. வரலட்சுமிக்கு நம்ப முடியவில்லை. பஸ்ஸின் தகரத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். பின்னால் ஜாக்குலின், அவளுக்குப் பின்னால் கம்பெனிப் பெண்கள்.

"ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல ஏறக் கூடாது" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸு நின்னா அது ஸ்டாப்பிங்" என்றாள் வரலட்சுமி. "டிக்கெட்டக் குடு."

மெஸ்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அவர் வைத்த சாம்பாரை இத்தனை நாள் சாப்பிட்டவர்கள் வரலட்சுமியைக் கண்டதும் கைதட்டினார்கள், அதனால் வேலை தப்பியது. ஒரே வாரத்தில் கண்டக்டர்களே, "பீரங்கி எறங்கு, பீரங்கி எறங்கு" என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டார்கள். காலனிக்கு அந்தக் குரலைக் கேட்கக் கேட்கத் தித்தித்தது.

அந்த நேரத்தில்தான் வருவாய்க் கோட்டாட்சியர் விஜயகுமாரி கிரேனோடு வந்து இறங்கினார்.

"அனுமதி இல்லாம வெச்சது. எடுத்தாகணும்" என்றார்.

கிரேன்காரர் பீரங்கியை ஒரு சுற்று சுற்றினார். "எத்தினி டன்னும்மா?"

"நாப்பது" என்றாள் வரலட்சுமி, கண்ணை இமைக்காமல்.

"ஐயோ! என் வண்டி பன்னெண்டு டன்னுதான் தூக்கும்." அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் கிரேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"நாப்பது டன்னா?" என்றான் பூபாலன் ரகசியமாக. "நம்ம பாய் லாரியிலதான வந்துச்சு?"

"வாய மூடுயா."

கோட்டாட்சியர் விடுகிற ஆள் இல்லை. ராணுவத்துக்குத் தகவல் கொடுத்தார். வருகிற திங்கட்கிழமை ராணுவத்திலிருந்து ஆள் வந்து இது என்ன என்று சொல்லிவிட்டுப் போவார், அதன்படி நடவடிக்கை என்று அறிவித்தார்.

திங்கட்கிழமை காலையில் வளைவே திருவிழாவாக இருந்தது. தடுப்புக்கு இரண்டு பக்கமும் பஸ்கள், லாரிகள், கார்கள், ஒரு கல்யாண வேன். அன்று திரும்பிப் போன கிரேன்காரரே கொண்டு வந்த பெரிய கிரேன் ஒன்று கையைத் தூக்கித் தயாராக நின்றது. காலனிப் பெண்கள் பீரங்கியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் கூப்பிடாமலே, அப்பாசாமி உட்கார்ந்திருந்தார். 'அந்த பஸ்ஸு பீரங்கியில நின்னா அப்டியே எங்க ஊர்லயும் ஒழுங்கா நிக்குது' என்று பக்கத்தில் இருந்தவரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கோங்க" என்றார் விஜயகுமாரி. "இது ஆயுதம்னா ராணுவம் எடுத்துட்டுப் போகும். பழைய இரும்புன்னா கிரேன் எடுத்துட்டுப் போகும். எதுவா இருந்தாலும் இன்னிக்குப் போயிடும். தடுப்பையும் எடுத்துடுவோம்."

"எட்த்துட்டா நாளைக்கு பஸ்ஸு நிக்குமா மேடம்?"

"அது டெப்போ விஷயம்."

"அப்ப இது எங்க விஷயம்."

வரலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீரங்கியின்மேல் ஏறினாள். உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கு இன்னா கொறைன்னு ஒர்த்தர் சொல்லுங்க! டெஸ்ட்டுல ஃபெயிலாம். யாரு வெச்ச டெஸ்ட்டு? எங்களுக்கும் அப்டித்தான் மேடம். இங்க பேரு இல்ல, செல இல்ல, நிக்கறதுக்கு லாயக்கில்லன்னு எங்கியோ ஒக்காந்து முடிவு பண்ணிட்டாங்க. இத்தத் தூக்கறதுன்னா என்னியும் சேத்துத் தூக்குங்க. கம்மி வெயிட்டு இல்ல நானு!"

கூட்டம் கைதட்டியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் ஜன்னல் வழியாகத் தட்டினார்கள். கோட்டாட்சியரின் முகம் ஒரு நிமிடம் இளகியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டார்.

ராணுவ ஜீப் வந்தது. சுபேதார் பெஞ்சமின் இறங்கினார். ஓய்வு பெறும் வயதை ஒட்டியவர், வெள்ளை மீசை. பீரங்கியைப் பார்த்ததும் அவர் நடை நின்றுவிட்டது. கிட்டே போய் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். காது வைத்துக் கேட்டார். தரையில் படுத்து அடியில் புகுந்தார். உடம்பெல்லாம் மண்ணாக வெளியே வந்தபோது அவர் கண்கள் பளபளத்தன.

அதற்கப்புறம் அவர் பீரங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஒரு லாரி டிரைவரிடம் போனார்.

"நீங்க ஏன் நின்னீங்க?"

"பீரங்கி சார்! பாத்ததும் காலு தானா பிரேக்குல போயிடுச்சு."

கிரேன்காரரிடம் போனார். "அன்னிக்கு நீங்க தூக்காம திரும்பிப் போயிட்டீங்களாமே, ஏன்?"

"நாப்பது டன்னாச்சே சார்."

"தூக்கிப் பார்த்தீங்களா?"

"பாக்கவே பயமா இருந்துச்சு. எங்க தூக்கறது?"

சப்-இன்ஸ்பெக்டரிடம், அப்பாசாமியிடம், கண்டக்டரிடம், கல்யாண வேனில் இருந்த மாப்பிள்ளையிடம் எல்லாம் இதே மாதிரிக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் மீசை ஒரு படி மேலே ஏறியது. கடைசியில் நின்றிருந்த வண்டி வரிசை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மேலே உட்கார்ந்திருந்த வரலட்சுமி, அவர் சொல்வதைக் கேட்கக் குனிந்தாள்.

"சொல்லுங்க" என்றார் விஜயகுமாரி. "ஆயுதமா, இரும்பா?"

"இதை யாரும் எடுக்கக் கூடாது மேடம்" என்றார் சுபேதார். "நாங்க மறுபடி டெஸ்ட் வெக்கப் போறோம். எப்ப முடியும்னு சொல்ல முடியாது, வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இது இதே இடத்துலதான் நிக்கணும். போற வர்ற பஸ்ஸெல்லாம் இன்னிக்கு மாதிரியே தினமும் இங்க நின்னுதான் போகணும்."

காலனி போட்ட சத்தத்தில் ஏரிப் பறவைகள் பறந்தன. பூபாலன் ஜாக்குலினின் கையைப் பிடித்துக் குலுக்கினான். விஜயகுமாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அப்படி என்ன டெஸ்ட்? இது நல்லா சுடுதான்னு பார்க்கப் போறீங்களா?"

"சுடறதா? இது வெறும் தகரம் மேடம்" என்றார் சுபேதார். "பார்க்கற வண்டியெல்லாம் நிஜம்னு நம்பி நிக்கணும்னு நாங்க செஞ்ச பொய்ப் பீரங்கி. அன்னிக்கு டெஸ்ட்டுல ஒரு வண்டிகூட நிக்கலன்னுதான் கழிச்சுப் போட்டோம்."